ஸ்பான்சர்ஷிப் வேண்டும் என்பதை எப்போது சொல்வது?

ஆன்லைன் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில்தான் பெரும்பாலும் அந்தக் கேள்வி இருக்கும். "இப்போதோ பிற்காலத்திலோ, வேலை விசாவுக்கு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் உங்களுக்குத் தேவைப்படுமா?" ஸ்பான்சர்ஷிப் என்றால், நம் விசாவுக்காக நிறுவனம் அரசிடம் மனுவோ ஆவணமோ கொடுத்துப் பொறுப்பேற்பது. பதிலுக்கு ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். பெயர், படிப்பு, அனுபவம் என்று மளமளவென நிரப்பிக்கொண்டு வந்த கை அங்கே வந்ததும் நின்றுவிடும். 'ஆம்' போட்டால் ரெஸ்யூமேயைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்களோ என்று ஒரு பயம். 'இல்லை' போட்டால் பிறகு மாட்டிக்கொள்வோமோ என்று இன்னொரு பயம்.

இதைச் சொல்ல நான்கு இடங்கள் இருக்கின்றன. விண்ணப்பப் படிவத்திலேயே சொல்லலாம். எச்ஆர் முதன்முதலில் பேசும் போன் அழைப்பில் சொல்லலாம். டெக்னிக்கல் சுற்றுகள் முடிந்து, மேனேஜருக்கு நம்மைப் பிடித்துப்போன பிறகு சொல்லலாம். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகும் சொல்லலாம். முதல் மூன்றையும் நானே செய்து பார்த்திருக்கிறேன், நான்காவதைச் செய்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், படிவம் கேட்டால் அங்கே உண்மை, விளக்கம் முதல் அழைப்பில். ஆனால் இது எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது, ஏனென்றால் ஸ்பான்சர்ஷிப் என்ற ஒரே சொல் ஆளுக்கு ஆள் வேறு வேறு பாரத்தைக் குறிக்கிறது.

உங்களுக்குத் தேவைப்படுவது எந்த ஸ்பான்சர்ஷிப்?

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஒருவர் நாட்டுக்கு வெளியே இருக்கிறார், புதிதாக எச்-1பி என்ற வேலை விசா வேண்டும். இன்னொருவர் அங்கேயே முதுகலை முடித்து ஓபிடியில் (மாணவர் விசாவிலேயே சில காலம் வேலை பார்க்க விடும் அனுமதி) இருக்கிறார். மூன்றாமவர் ஏற்கெனவே எச்-1பியில் வேறு கம்பெனியில் வேலை பார்க்கிறார். படிவத்தில் மூன்று பேருமே 'ஆம்' என்றுதான் போட வேண்டும். கம்பெனிக்கோ மூன்றும் மூன்று விதமான செலவு.

முதலாமவர் விஷயம்தான் கடினம். ஆண்டுக்கு 85,000 புது எச்-1பி மட்டுமே. அதில் 20,000 அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு. மார்ச்சில் 215 டாலர் கட்டிப் பதிவு செய்து, குலுக்கலில் பெயர் வந்தால் அக்டோபர் 1 முதல் வேலை. 2025 மார்ச்சில் தகுதியான பதிவுகள் ஏறக்குறைய 3.44 லட்சம், தேர்வானவை ஏறக்குறைய 1.2 லட்சம். அதற்கு மேல், 2025 செப்டம்பர் 21 முதல், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புது மனுவுக்கு நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. இந்த நிலையில் இருப்பவர் எந்தச் சுற்றில் சொன்னாலும் எதிரில் இருப்பவர் யோசிக்கத்தான் செய்வார். அதை மறைத்து வைத்து நாலு சுற்று போவதால் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாமவருக்கு ஓபிடியில் 12 மாதம் இருக்கிறது. ஸ்டெம் படிப்பு (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்றால் இன்னும் 24 மாதம் சேரும். அந்தக் காலத்துக்குக் கம்பெனி விசாவுக்கென்று ஒரு பைசா கட்ட வேண்டாம். ஸ்டெம் நீட்டிப்புக்கு மட்டும், ஊழியர்களின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை முறையில் கம்பெனி இருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தை நிரப்ப வேண்டும். இடையில் வரும் ஒவ்வொரு மார்ச்சும் குலுக்கலுக்கு ஒரு வாய்ப்பு. நாட்டுக்குள்ளேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அந்த லட்சம் டாலர் பொருந்தாது என்று குடியேற்றத் துறையே 2025 அக்டோபரில் விளக்கிவிட்டது.

மூன்றாமவருக்கு வேண்டியது டிரான்ஸ்ஃபர், அதாவது இருக்கிற எச்-1பியைப் புதுக் கம்பெனிக்கு மாற்றுவது. குலுக்கல் கிடையாது. புதுக் கம்பெனி மனு போட்டு அது குடியேற்றத் துறையில் பதிவானதுமே வேலையில் சேரலாம்; ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலை போன பிறகு தேடுகிறவர் என்றால் மட்டும், 60 நாளுக்குள் புது மனு போட்டாக வேண்டும் என்ற கெடு கழுத்துக்கு மேல் தொங்கும்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே கம்பெனியிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசே இணையத்தில் போட்டிருக்கிறது, ஆகவே பாதிக் கேள்விக்கு விண்ணப்பிக்கும் முன்பே விடை தெரிந்துவிடும். மீதிப் பாதி சம்பளம். 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அந்தத் தொழிலுக்கென்று வகுத்த சம்பளம் அதைவிட அதிகமாக இருந்தால் அதுதான் கணக்கு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வரம்பு இதைவிடக் குறைவு. லைசென்ஸ் உள்ள கம்பெனியே ஆனாலும் அந்தப் பதவிக்கான சம்பளம் வரம்பைத் தொடவில்லை என்றால் ஒன்றும் நடக்காது. அதனால் அங்கே சம்பளப் பேச்சும் விசாப் பேச்சும் ஒரே பேச்சுதான். நெதர்லாந்திலும் அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது.

ஜெர்மனியில் லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. ஏற்கப்பட்ட பட்டம், வேலை ஒப்பந்தம், வரம்பைத் தாண்டிய சம்பளம் (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டுக்கு 2025இல் பொதுவாக 48,300 யூரோ), வேலை விவரத்தைச் சொல்லி நிறுவனம் நிரப்பித் தரும் ஒரு படிவம், முக்கால்வாசி வேலை அதோடு முடிந்தது. அங்குள்ள சின்ன கம்பெனியிடம் போய் "எனக்கு ஸ்பான்சர் செய்வீர்களா?" என்று கேட்டால், அமெரிக்கக் கதைகளைக் கேட்டுப் பழகியவர்கள் மிரண்டுபோய் 'முடியாது' என்று சொல்லிவிடலாம். "ஒப்பந்தமும் ஒரு படிவமும் தந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அதே ஆள் தலையாட்டுவார். கனடாவில் படித்து முடித்து ஓப்பன் பெர்மிட்டில் (எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்க விடும் அனுமதி) இருப்பவருக்கு அந்தக் காலம்வரை ஸ்பான்சரே தேவையில்லை. வெளியிலிருந்து வருபவருக்காகக் கம்பெனி எல்எம்ஐஏ (உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி அரசிடம் வாங்கும் ஒப்புதல்) எடுக்க வேண்டியிருந்தால், ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடா டாலர் கட்டணம், அதோடு மாதக்கணக்கில் காத்திருப்பு.

ஆக, எப்போது சொல்வது என்று யோசிக்கும் முன், என்ன சொல்லப் போகிறோம் என்பதை இரண்டு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வரி இல்லாதவர்கள்தான் எந்தச் சுற்றில் சொன்னாலும் தடுமாறுகிறார்கள்.

படிவத்தில்

கேட்டால் உண்மையைத்தான் போட வேண்டும், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 'ஆம்' என்று போட்டவர்களைச் சில கம்பெனிகளின் மென்பொருள் தானாகவே கழித்துவிடுகிறது என்பது நிஜம். மனிதக் கண் படும் முன்பே நாம் காலி. ஆனால் இப்படிக் கழிக்கச் சொல்லி அமைத்து வைத்திருக்கும் கம்பெனி, அந்த வேலைக்கு ஸ்பான்சர் செய்வதில்லை என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது. பொய் சொல்லி உள்ளே போனாலும் அந்த முடிவு மாறப்போவதில்லை. படிவத்தின் அடியில் 'மேற்கண்டவை உண்மை' என்று நாமே ஒப்புக்கொண்டிருப்போம். பொய் தெரிந்த அன்று ஆஃபரைத் திரும்ப வாங்க அதுவே காரணமாகிவிடும். தெரியாமல் போகவும் வழியில்லை. அமெரிக்காவில் வேலையில் சேர்ந்து மூன்று வேலை நாட்களுக்குள், வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்காக ஆவணங்களைக் காட்டியாக வேண்டும்.

ஆனால் கேள்வியை நிதானமாகப் படிக்க வேண்டும். "இங்கே வேலை செய்ய உங்களுக்குச் சட்டப்படி அனுமதி உண்டா?" என்பது ஒரு கேள்வி. "ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" என்பது இன்னொன்று. ஓபிடி அட்டை கையில் இருப்பவர் முதல் கேள்விக்குத் தாராளமாக 'ஆம்' போடலாம். பதற்றத்தில் அதற்கும் 'இல்லை' போட்டுக் கெட்டவர்கள் உண்டு. இரண்டாவது கேள்வியில் 'பிற்காலத்திலோ' என்ற சொல் இருந்தால் அவர் 'ஆம்' என்றுதான் சொல்ல வேண்டும். 'இப்போது' மட்டும் இருந்தால் 'இல்லை' என்பதே உண்மை. பக்கத்தில் குறிப்பு எழுதக் கட்டம் இருந்தால் அந்த இரண்டு வரியை அங்கே போட்டுவிடுங்கள்.

ரெஸ்யூமேயில் விசா நிலையைப் போட வேண்டுமா என்று கேட்பார்கள். எனக்கு ஒரே அளவுகோல்தான்: போடுவது உங்களுக்கு உதவுமா? வெளிநாட்டுக் கல்லூரியின் பெயரைப் பார்த்ததும் 'இவருக்கு விசா வேண்டியிருக்கும்' என்று ரெக்ரூட்டரே ஊகித்துக்கொள்வார். உங்களிடம் கிரீன் கார்டோ ஓப்பன் பெர்மிட்டோ இருந்தால் பெயருக்குக் கீழேயே எழுதுங்கள், அந்த ஊகத்தை உடைத்துவிடும். புதிதாக ஸ்பான்சர் வேண்டுமென்றால் ரெஸ்யூமேயில் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

முதல் அழைப்பில்

இருபது முப்பது நிமிட அழைப்பு. பேசுகிறவருக்கு உங்கள் புரோகிராம் எழுதும் திறமையைப் பற்றிக் கவலையில்லை. சம்பள எதிர்பார்ப்பு, நோட்டீஸ் காலம், எந்த ஊரில் இருந்து வேலை, விசா என்று அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு விஷயத்தை அந்த இடத்திலேயே பேசுவதில் உறுத்தல் ஏதும் இல்லை. அவர் கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கடைசி ஐந்து நிமிடத்தில், "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்று வரும்போது நீங்களே எடுங்கள்.

எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம். "எனக்கு விசா பிரச்சினை ஒன்று இருக்கிறது, மன்னிக்கணும்" என்று ஆரம்பிப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். பிரச்சினை என்று நாமே பெயர் வைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? இதையே, "நான் எச்-1பியில் இருக்கிறேன். டிரான்ஸ்ஃபர் மனு போட்டால் போதும், குலுக்கல் கிடையாது, மனு பதிவானதும் சேர்ந்துவிடலாம்" என்று சொன்னால் அது ஒரு தகவல். நோட்டீஸ் காலம் ஒரு மாதம் என்று சொல்கிற அதே குரலில் சொல்ல வேண்டும். ஓபிடிக்காரர், "2027 ஜூன் வரை அனுமதி இருக்கிறது, அதன் பிறகு ஸ்டெம் நீட்டிப்பு இரண்டு ஆண்டு, அதற்குள் எச்-1பி பதிவு வேண்டியிருக்கும்" என்று தேதியோடு சொல்லலாம். தேதி சொன்னாலே கேட்பவருக்குப் பாதி கலக்கம் போய்விடும்.

அடுத்தது நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி. "உங்கள் கம்பெனி ஸ்பான்சர் செய்யுமா?" என்று கேட்காதீர்கள். பெரிய கம்பெனி என்றால் 'செய்வோம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். "இந்தப் பதவிக்கு, இந்த லெவலுக்குச் செய்வதுண்டா?" என்று கேளுங்கள். ஒரே கம்பெனியில் சீனியர் வேலைக்குச் செய்வார்கள், புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் செய்ய மாட்டார்கள்; ஒரு டீமில் பட்ஜெட் இருக்கும், பக்கத்து டீமில் இருக்காது. கூடவே, அண்மையில் யாருக்காவது இதே வகை ஸ்பான்சர்ஷிப் செய்தார்களா என்றும் கேட்கலாம். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று பதில் வந்தால், டெக்னிக்கல் சுற்றுக்கு முன் தெரிந்தால் நல்லது என்று சொல்லி, அன்றே இரண்டு வரி மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். ரெக்ரூட்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், எழுத்தில் இருந்தால்தான் அடுத்து வருபவருக்கும் தெரியும்.

இதில் நஷ்டம் இல்லையா என்றால், உண்டு. உங்கள் திறமையை யாரும் பார்க்கும் முன்பே கதவு சாத்தப்படலாம். ஆனால் அரைமணி நேரத்தில் சாத்தப்படும் கதவு அது. மூன்று வாரம் கழித்துச் சாத்தப்படும் கதவைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

மேனேஜருக்குப் பிடித்த பிறகு

இந்த வழிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. எச்ஆருக்கு நாம் நூறில் ஒரு பெயர். நாலு சுற்று பேசிய மேனேஜருக்கோ நாம் 'அந்த ஆள்தான் வேண்டும்' என்ற ஆள். உள்ளே போய் நமக்காக அவர் சண்டை போடுவார். ஐம்பது பேர் உள்ள கம்பெனியில் விசாவைப் பற்றிக் கொள்கை என்று எதுவும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். முதலிலேயே கேட்டால் தெரியாத விஷயத்துக்கு 'வேண்டாம்' என்பதுதான் பதிலாக வரும். ஆளைப் பிடித்த பிறகு கேட்டால் வக்கீலிடம் விசாரிக்கவாவது செய்வார்கள்.

அதனால் சின்ன கம்பெனி, படிவமே இல்லாமல் தெரிந்தவர் மூலம் போன இன்டர்வியூ, முதல் பேச்சே நிறுவனரோடு, எளிதில் ஆள் கிடைக்காத திறமை என்றால் இரண்டாம் சுற்றுவரை பொறுப்பதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் சுற்றுவரைதான்.

நான் ஐந்தாம் சுற்றுவரை பொறுத்தேன். நடுத்தர அளவுக் கம்பெனி. படிவத்தில் கேட்கவில்லை, முதல் அழைப்பிலும் கேட்கவில்லை. கேட்காததை நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம், ஐந்து சுற்று, வீட்டில் செய்து அனுப்பச் சொன்ன ஒரு புராஜெக்ட் வேறு. கடைசியில் மேனேஜர் எப்போது சேர முடியும் என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அப்போது சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இதை நீங்கள் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்" என்றார். நான் பொய் சொல்லவில்லைதான். ஆனால் அவர் குரலில் அதற்கு மதிப்பெண் இருந்த மாதிரித் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து இந்த ஆண்டு பட்ஜெட்டில் இடமில்லை என்று மின்னஞ்சல் வந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் பட்ஜெட் இருந்திருக்குமா என்றால், இருந்திருக்காது. அந்தப் புராஜெக்டுக்காக நான் கண்விழித்த இரண்டு இரவுகள் மட்டும் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று. டெக்னிக்கல் சுற்றில் எதிரில் உட்காரும் சக இன்ஜினியரிடம் விசாவைப் பேச வேண்டாம். அவருக்கு விதியும் தெரியாது, முடிவெடுக்கும் அதிகாரமும் கிடையாது. அவரே கேட்டால், "எச்ஆரிடம் சொல்லியிருக்கிறேன்" என்று முடித்துவிடுங்கள். எச்ஆரிடம் முன்பே சொன்னவர்தான் இந்தப் பதிலைச் சொல்ல முடியும் என்பதையும் கவனியுங்கள்.

ஆஃபருக்குப் பிறகு

பேரம் பேசும் பலம் ஆஃபர் வந்த பிறகுதான் அதிகம், அதனால் அப்போது சொல்வதே புத்திசாலித்தனம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு அது சரி. சட்ட அனுமதிக்குச் சரியில்லை. வேலை செய்யும் அனுமதி இருந்தால்தான் இந்த ஆஃபர் செல்லும் என்று பல ஆஃபர் லெட்டர்களிலேயே ஒரு வரி இருக்கும். அமெரிக்கச் சட்டம் குடியுரிமை அடிப்படையில் சிலரைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறதே தவிர, ஸ்பான்சர் செய்தே ஆக வேண்டும் என்று எந்தக் கம்பெனியையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆஃபரைத் திரும்ப வாங்கிக்கொண்டால் நாம் போய் முறையிட இடம் கிடைப்பது அரிது. அதற்குள் பழைய வேலையை ராஜினாமா செய்தவர் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

ஆனால் ஆஃபர் நேரத்துக்கென்று வைத்திருக்க வேண்டிய விசாப் பேச்சும் இருக்கிறது. ஸ்பான்சர்ஷிப் வேண்டும் என்ற தேவை முதல் அழைப்பில்; அதன் நெளிவு சுளிவுகள் ஆஃபருக்குப் பின்னால். கிரீன் கார்டுக்கான பெர்ம் கட்டத்தை (உள்ளூரில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி காட்டும் முதல் கட்டம்), நாம் சேர்ந்த பிறகு எத்தனை மாதத்தில் தொடங்குவார்கள்? எச்-1பிக்குப் பொதுவாக ஆறு ஆண்டுதான் எல்லை. ஐ-140 (நமக்காகக் கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) ஒப்புதல் ஆகி வரிசையில் காத்திருப்பவருக்கும், பெர்மோ ஐ-140 மனுவோ போட்டு ஓராண்டு ஆனவருக்கும்தான் அதற்கு மேலும் நீட்டிப்பு. ஆகவே நாலாவது ஆண்டில் கம்பெனி மாறுகிறவருக்கு இது உயிர்நாடியான கேள்வி. குடும்பத்தாரின் விசாச் செலவு யாருடையது? பாதியில் வேலையை விட்டால் எதையாவது திருப்பித் தர வேண்டுமா? இதையெல்லாம் முதல் அழைப்பில் கொட்டினால் ரெக்ரூட்டர் திணறிப் போவார். ஆஃபர் வந்த பிறகு கேட்டால் மதிப்போடு பதில் வரும், அதை எழுத்திலும் வாங்கலாம்.

செலவைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. எச்-1பி மனுவோடு கம்பெனி கட்டும் பயிற்சிக் கட்டணத்தை (கம்பெனியின் அளவைப் பொறுத்து 750 அல்லது 1,500 டாலர்) ஊழியரிடமிருந்து வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பெர்ம் கட்டத்தின் விளம்பர, வக்கீல் செலவுகளும் கம்பெனியுடையவைதான். இங்கிலாந்தில் ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் அரசுக்குக் கட்டும் இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை ஊழியர் தலையில் கட்டக் கூடாது. "ஸ்பான்சர் செய்கிறோம், பணத்தை மட்டும் நீங்கள் கட்டிவிடுங்கள்" என்று முதல் அழைப்பிலேயே ஒருவர் சொன்னால், வேலை தேடும் அவசரம் எவ்வளவு இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். அது வேலை இல்லை, வியாபாரம்.

இந்தக் கேள்வியின் கூர்மையைக் குறைக்க இன்னொரு வழி, ஸ்பான்சர் செய்து பழகிய இடங்களாகப் பார்த்து விண்ணப்பிப்பது. எந்த நிறுவனத்துக்கு எத்தனை எச்-1பி ஒப்புதல் ஆனது என்று அமெரிக்கக் குடியேற்றத் துறையே ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற ஆய்வு நிலையங்களுக்கும் 85,000 என்ற எல்லையே கிடையாது, மார்ச் அக்டோபர் கணக்கும் இல்லை. சம்பளம் சற்றுக் குறைவாக இருக்கும், ஆனால் குலுக்கலில் இரண்டு முறை தோற்றவருக்கு அது பெரிய விஷயமில்லை.

அந்த ஐந்து சுற்றுக் கதைக்குப் பிறகு நான் விண்ணப்பித்த இடத்தில் படிவம் கேட்டது, 'ஆம்' போட்டேன். பத்து நாள் கழித்து ரெக்ரூட்டர் அழைத்தார். ஆரம்பத்திலேயே, "ஸ்பான்சர்ஷிப் வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள், இந்த வேலைக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்று இழுத்தார். எழுதி வைத்திருந்த இரண்டு வரியைச் சொன்னேன். "ஓ, டிரான்ஸ்ஃபர்தானா? நான் புதுசு என்று நினைத்துவிட்டேன்" என்றார். அப்புறம் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று கேட்டார்.